ரொட்டி நைனா தின்ற நத்தை

திருத்தணி முருகனைக் கேட்காமல் ஒரு கவளம்கூட வாயில் வைக்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: ரொட்டி நைனா.

ஜப்பான் தோற்று யுத்தம் முடிந்த மறுவருஷம் எங்கள் படையைக் காவலுக்காக டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். திருத்தணிக்காரரான நைனா ரொட்டி சுடும் சமையல்காரர். மணவூர்க்காரனான நான் குமாஸ்தா. கப்பல் ஆடிய ஆட்டத்தில் நைனா ஒரு வேண்டுதல் செய்துகொண்டார்: உயிரோடு ஊர் திரும்பி மலைக்குக் காவடி எடுக்கும்வரை கறி, மீன் என்று எந்தக் கவிச்சியையும் தொடுவதில்லை.

இறங்கியதுமே குழப்பம். எது காய், எது மீன் என்று யாருக்கும் விளங்கவில்லை. நைனா ஒவ்வொரு பண்டத்தையும் திருத்தணி இருக்கும் மேற்கே தூக்கிக் காட்டுவார்.

"முருகா, இது இன்னான்னு எனக்குத் தெர்ல. கவிச்சின்னா கையைத் தட்டி வுட்டுடு!"

முருகன் தட்டாவிட்டால் உள்ளே போய்விடும். பயற்றுப் பூரணம் வைத்த மோச்சிக் கொழுக்கட்டை அப்படி ஒன்பது போயிற்று. இலந்தைப்பழம் என்று நினைத்துக் கடித்த உப்பு ஊறுகாய்ப் பழத்தின் புளிப்பில் மூன்று நாள் ஒரு கண் திறக்கவில்லை.

என் யோக்கியதை இன்னும் மேல். மேஜைமேல் யாரோ வைத்த கடற்பாசி அப்பளத்தைக் கார்பன் காகிதம் என்று டைப்ரைட்டரில் செருகியவன் நான். ஆனால் ஜப்பான் பாஷையில் ஐந்து வார்த்தை தெரியும். ஆகவே முகாமுக்கே பண்டிதன்.

ஒருநாள் காலை, வைக்கோலில் பொதிந்த ஏதோ பண்டம் விற்கும் பெண்ணிடம் நைனா ஒன்று வாங்கிச் சோற்றில் பிசைந்து பாதி தின்றிருந்தார். தெருவில் அவள் குரல் கேட்டது: "நத்தோ... நத்தோ...!"

"நைனா, காதுல வுழலியா? நத்தைன்னு கூவிகினு போறா!" என்றேன்.

"ஜப்பான்காரி தமிழ்லயா கூவுவா, ரைட்டரே?"

"எல்லாப் பாஷைக்கும் நம்மளுதுதான் தாய்."

நைனா கவளத்தைத் தூக்கினார். கொழகொழவென்று நூல் நூலாக நீண்டது. முகம் வெளுத்துவிட்டது. நைனாவும் பின்னாலேயே வர, நான் ஓடிப்போய் அவள்முன் இரண்டு விரலைக் கொம்பாக நிறுத்தி, நடுத்தெருவில் ஊர்ந்து காட்டினேன். பாவம், மிரண்டுபோய்க் குனிந்து குனிந்து, "ஹை, ஹை" என்றாள்.

"ஆமாங்கிறா" என்று மொழிபெயர்த்தேன். நைனா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, இங்கிலீஷ் தெரிந்த ஒரு ஜப்பான்காரர் உண்மையைச் சொன்னார். ஓடினேன்.

"நைனா, அது வெறும் பயறாம்! புளிக்க வெச்ச பயறு!"

"அன்னிக்கு நத்தைன்னே, இன்னிக்குப் பயறுன்றே. நாளைக்கு யானைம்பியா?"

நிரூபிக்க ஒரு பொட்டலத்தை அவர்முன் முழுங்கினேன். "நீ எதத்தான் தின்ன மாட்டே?" என்று எழுந்து போய்விட்டார்.

ஊர் திரும்பியபின் ஆடிக் கிருத்திகை வந்தது. நானும் திருத்தணிக்குப் போனேன். நைனாவுக்கு மஞ்சள் வேட்டி, தோளில் காவடி. முதல் படியில் நைனா நின்றுவிட்டார். பின்னால் கூட்டம் முட்டியது.

"இன்னா நின்னுகினு கீறே? ஏறு!" என்றார் அவர் மனைவி.

"அது நத்தையா இருந்தா வேண்டுதல் போச்சேம்மே. எந்த மூஞ்சியோட ஏறுவேன்?" நைனா வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார்.

நான் மலையைப் பார்த்துக் கத்தினேன். "முருகா! நத்தைன்னு சொன்னவன் நான். பாவம் இருந்தா மணவூரான் தலையில போடு!"

நைனா திரும்பினார். "நெசமாவா? ஏத்துக்கினியா?"

"ஏத்துக்கினேன் நைனா."

அவ்வளவுதான், மனிதர் இரண்டிரண்டு படியாக ஏறினார். அது பயறுதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்த நத்தைப் பாவத்தை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தருவதாக இல்லை.