வேலை இல்லை என்று சொல்லத் தெரியாதவர்

பெங்களூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்காகவே சம்பளம் வாங்கிய இன்னொரு மனிதர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். கூலிங்கிளாஸ் அண்ணன் வாங்கினார். பதினெட்டு வருடம்!

அத்திபெலே போகும் வழியில் இருந்த பல்பு ஃபேக்டரியில் நான் பேக்கிங் பிரிவு. அவர் ‘ஆயுள் ரூம்’. சன்னலே இல்லாத அந்த அறையில் சுவர் முழுக்கப் பல்புகள் வரிசை வரிசையாக ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்து எழுதுவதுதான் அண்ணனின் வேலை. கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார்கள். அவர் அதை மழையிலும் கழற்றவில்லை, மச்சினன் கல்யாணப் போட்டோவிலும் கழற்றவில்லை. சொந்தப் பெயர் சம்பள கிளார்க்குக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்குக் கண் சொருகும். இளஞ்சூடு, தேன் நிறத்தில் வெளிச்சம், நடுவே ஸ்டூலில் அவர். எங்கோ ஒரு மூலையில் ‘டிக்’கென்று ஒன்று அணையும். அண்ணன் எழுந்து நின்று ஒரு கணம் அதைப் பார்ப்பார். பிறகு நோட்டில் ‘ஓய்வு’ என்று எழுதுவார்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். “ஃப்யூஸ்னு எழுதுய்யா!”

“இவ்ளோ நேரம் எரிஞ்சிருக்கு சார். ஃப்யூஸுன்னு எழுத மனசு வருமா?”

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. “எங்க நைனா ஆயுசுக்கும் இருட்டுக்குள்ள போயிக்கினு இருந்தாரு. நான் வெளிச்சத்துக்குள்ள போயிக்கினு இருக்கேன். அவ்ளோதான் வித்தியாசம்” என்பார், ஏதோ இரண்டும் அடுத்தடுத்த பஸ் ஸ்டாப் மாதிரி.

ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட்டில் பூட்டு. ஃபேக்டரி மூடியாயிற்று.

மூன்று மாதம் ஓடியது. மூடிய ஃபேக்டரித் தொழிலாளிகளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் கொஞ்ச காலம் உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள். அதுவரை ஆஸ்பத்திரி அட்டையும் செல்லுமாம். அண்ணிக்கு மூச்சிரைப்பு. அண்ணனுக்குத் தொகையைவிட அந்த அட்டைதான் உயிர். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் அவரை அழைத்துக்கொண்டு புதன்கிழமையே போனேன். “இப்ப எதுனா வேலை செய்யறீங்களான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லணும், அவ்ளோதான்” என்று வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு போனேன்.

சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாத ஒரு ஃபேனுக்குக் கீழே, கவுன்ட்டரில் ஒரு கன்னட மேடம். தலை நிமிராமல் கேட்டார். “இப்போ ஏதாவது கெலசா உண்டா? வேலை?”

“உண்டும்மா” என்றார் அண்ணன்.

நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன்.

“காலையில அல்சூர் ஏரியில வெயிலு மொத மொத எந்த எடத்துல விழுதுன்னு பாக்கறேன். மேகம் இருந்தா லேட்டாவும், காத்துக்கினு இருக்கணும். சாயந்திரம் எங்க ஏரியா தெருவிளக்கு. எது எரியல, எது கண்ண சிமிட்டுதுன்னு எழுதி வாரா வாரம் கரண்ட் ஆபீசுல குடுக்கறேன்.”

மேடத்தின் பேனா நின்றது. “கரண்ட் ஆபீஸ்லயா கெலசா?”

“சம்பளம் கெடையாதும்மா.”

“அது நீங்க சொன்னா ஆச்சா? அவங்க லெட்டர் பேக்கு, வேணும். தொகொண்டு வாங்க.”

வெளியே வந்ததும் வெடித்தேன். “இல்லைன்னு ஒரு வார்த்தை! வாயில வராதாண்ணா?”

“பொய் சொல்லி வாங்குன அட்டையில மருந்து வாங்கினா, அவளுக்குக் கேக்குமா தம்பி?”

மறுநாள் கரண்ட் ஆபீஸ். நாங்கள் நுழைந்ததும் இரண்டு லைன்மேன்கள் எழுந்து சல்யூட் அடித்தார்கள். நாற்காலி வந்தது. டீ வந்தது. கறுப்புக் கண்ணாடியோடும் நோட்டோடும் வாராவாரம் வந்து நிற்கிறவரை, தலைமை அலுவலகம் ரகசியமாக அனுப்பிய அதிகாரி என்றே மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! எங்கள் அண்ணன் தெருவில் மட்டும் விளக்குகள் ஏன் அப்படி ஜொலித்தன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“இன்னிக்கி எந்த லைட்டு ஸார்?” என்றார் இன்ஜினியர்.

“லைட்டு எல்லாம் ஜோரா எரியுது சார். நான் இங்க வேலை செய்யலைன்னு ஒரு லெட்டர் வேணும்.”

“அப்போ... நீங்க யாரு?”

“பல்பு ஃபேக்டரி சார். மூடிட்டாங்கோ.”

ஒரு லைன்மேன் டீ டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்பது போலப் பார்த்தான்.

“இங்க வேலை செய்யாதவங்கன்னா பெங்களூரே இருக்குதே. எல்லாருக்கும் லெட்டர் குடுக்க ஆகுமா?” என்று அலுத்துக்கொண்ட இன்ஜினியர், என்ன நினைத்தாரோ, நோட்டை வாங்கிப் புரட்டினார். தமிழ் படிக்கத் தெரிந்த லைன்மேன் எட்டிப் பார்த்து வாசித்தான். “கோயில் எதிர்ல, ரெண்டு நாளா நடுக்கம். ஸ்கூல் மூலையில, களைப்பு. வேப்பமரத்தடியில, வெளிச்சம் நல்லாருக்கு, இலை மறைக்குது.” வாசித்து முடித்ததும் இன்ஜினியர் தானே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். ‘இவர் எங்கள் ஊழியர் அல்ல. எங்கள் ஊழியர் யாரும் இப்படி ஒரு நோட்டு எழுதியதில்லை.’

வெள்ளிக்கிழமை. மேடம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “சரி. அந்த ஏரி வேலைக்கு யாரு லெட்டர் குடுப்பாங்க?”

அண்ணன் நிஜமாகவே யோசித்தார். “அதுக்கு நீங்கதாம்மா ஒரு நாள் காலையில வந்து பாக்கணும்.”

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அலுவலகத்துக்கே பழக்கமில்லாத சத்தம் போலிருக்கிறது, பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. “நீங்க எழுத வேணாம், நானே எழுதறேன்” என்று மேடம் விண்ணப்பத்தை இழுத்து, ‘சம்பளமுள்ள வேலை எதுவும் இல்லை’ என்று கன்னடத்தில் எழுதிப் படித்துக் காட்டினார்.

“அது நெஜம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் அண்ணன். அட்டையில் முத்திரை விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மர நிழலும் வெயிலும் மாறி மாறி எங்கள் மடியில் விழுந்து நழுவிக்கொண்டிருந்தன. சட்டைப் பையிலிருந்த அட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். மூன்று மாதத் தூக்கம்.

பிரேசர் டவுனில் நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. தோளை அசைக்காமல் கையை மட்டும் நீட்டி, அண்ணன் இறங்க வேண்டிய அல்சூருக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.