போதும் அண்ணை வேலையை விடாத கதை

கிரேக்கத்தில் ஒரு தோட்டத்தில் கூடிப் பேசிய சிலர், இன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு என்றார்களாம். பசி தீர்ந்ததும் இன்பம் நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவது வெறும் ருசி மாற்றம். டென்மார்க்கின் வைலே நகரில், மாலைத் தத்துவ வகுப்பில் ஆசிரியை இதைச் சொன்னபோது, "ஐயோ, இது எங்கடை போதும் அண்ணை!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

'போதும்' என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் பயன்படுத்தும் தமிழர் டென்மார்க் முழுவதிலும் அவர் ஒருவர்தான். பக்கத்து ஊரான பிரெடெரிசியாவில் நான் வேலை செய்யும் பொதி கட்டும் தொழிற்சாலையில் இருபது வருடமாக இருக்கிறார்.

எங்கள் விருந்துகளில் 'போதும்' என்றால் 'இன்னொரு அகப்பை' என்று பொருள். ஒரு கலியாணத்தில் அண்ணை கையால் கிண்ணத்தை மூடினார். பரிமாறியவர் புறங்கையிலேயே பாயசத்தை ஊற்றினார்.

"சும்மா வெக்கப்படாதேங்கோ அண்ணை!"

"வெக்கமில்லை, வயிறு நிரம்பிட்டுது."

"அப்ப என்ன, ஏதும் வருத்தமே? டொக்டரிட்டைக் காட்டினனீங்களே?"

டேனிஷ் வீடுகளில் ஒரு தரம் 'வேண்டாம்' என்றாலே தட்டை எடுத்துப் போய்விடுவார்கள். "இவங்கள் விளங்கின சனம்" என்பார் அண்ணை. ஆனால் டேனிஷ் மொழியையும் அவர் தேவையான அளவில் நிறுத்திக்கொண்டவர். வினை அங்கேதான் வந்தது.

எங்கள் மேலாளர், ஒரு டேனிஷ் அம்மையார், அவரை ஷிஃப்ட் தலைவராக்க விரும்பினார். அதே வாரம் வகுப்புப் பாடத்தில் வேறு கிரேக்கர்கள் வந்திருந்தார்கள். மகிழ்ச்சி என்பது இருந்து அனுபவிப்பதல்ல, நமக்குள்ள திறனைச் சிறப்பாகச் செயலில் காட்டுவதே அது என்பது அவர்கள் கட்சி. இடைவேளையில் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, இந்தப் பதவியை எடுங்கோ. திறமையை நல்லாப் பாவிக்கிறதுதான் சந்தோசமாம்."

"போன கிழமை வேறை மாதிரியெல்லோ சொன்னனீர்?"

"அது வேறை ஆக்கள்."

"நான் முந்தின ஆக்களோடையே நிக்கிறன், தங்கச்சி. தலைவருக்குத் தனி அறை. தேத்தண்ணி நேரம் ஆரோடை கதைக்கிறது, சுவரோடையே?"

தேநீர் அறையில் உட்கார ஒரு நீள வாங்கு. நாங்கள் நாலு பேர் அதில் அமர்ந்து கதைக்கும் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் அவர் வேலைக்கே வருகிறார். அது எனக்கும் தெரியும்.

"அப்ப போய் நேரே சொல்லுங்கோ, எனக்குப் போதும் எண்டு."

போய்ச் சொன்னார். "யாய் ஹா ஃபோட் நோக்." சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் டேனிஷ் காதில் விழுவது, 'இந்த இடமே வெறுத்துப்போச்சு' என்று. திடுக்கிட்ட மேலாளர் என்னவோ கேட்க, அண்ணை வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார்.

சற்று நேரத்தில் ஒரு தாளோடு என்னிடம் வந்தார்.

"பதவி வேண்டாம் எண்டதுக்கும் கடிதமாம். கையெழுத்து எங்கை வைக்கிறது?"

வாசித்தேன். வேலையை விட்டு விலகுவதற்கான கடிதம்! என் இரண்டு வாரத் தத்துவம் ஒரு மனிதரின் இருபது வருடத்தை முடித்துவைக்கப் பார்த்தது. தாளைப் பிடுங்கிக்கொண்டு மேலாளரிடம் பாய்ந்தேன். தோட்டம், பசி, இன்பத்தின் எல்லை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. இப்போது அவர் போகிறாரா, இருக்கிறாரா?"

பின்னால் வந்து நின்ற அண்ணையே டேனிஷில் பதில் சொன்னார்.

"இருக்கிறேன். வாங்கில், இவர்களோடு."

மேலாளர் சிரித்தார். தாள் இரண்டாகக் கிழிந்தது. 

எந்தக் கிரேக்கர் சரி என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் ஓர் இடைவேளையைக்கூட நான் முழுதாக இருந்து முடித்ததில்லை. ஐந்தாம் நிமிடம் போன், எட்டாம் நிமிடம் எழும்பி நடை. திங்கட்கிழமை பதினைந்து நிமிடமும் அசையாமல் இருந்து பார்க்கப் போகிறேன். இதை வாங்கில் இருந்த அண்ணையிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கீழே வைத்தார். பிறகு எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தார்.