கறுப்பு அங்கியில் வெள்ளைப் பொடி

எங்க கிரேக்கக் கிறிஸ்தவக் கோயில்ல பாட்டுப் பாடுறவன் நான்தான். பேரு லாம்ப்ரோஸ். இந்தக் கிறிஸ்துமஸ் நோன்புல நாற்பது நாளும் வெண்ணெயைத் தொடமாட்டேன்னு கோயில் வாசல்ல ஊரைக் கூட்டிச் சபதம் போட்டேன். என் பொண்டாட்டி எவான்தியா சிரிச்சா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடி குராபியெஸ் சுட்டா. வெண்ணெய் பிஸ்கட். நடுவுல ஒரு கிராம்பு, மேல பனி கொட்டின மாதிரி சர்க்கரைப் பொடி. கோபுரமா அடுக்கி என் நாற்காலிக்கு நேரா வெச்சா.

"என்னங்க, இது பண்டிகைக்கு."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா ரெண்டு அடி போட்டு உக்கார வெச்சிருப்பேனே!"

அவ கடைக்குப் போனா. சாயங்காலப் பூசைக்கு அங்கி மாட்டி நின்ன நான், கோபுரத்துப் பின்பக்கம் ஒண்ணு உருவினேன். கோபுரம் கோணிச்சு. நேராக்க இன்னொண்ணு. நேராகி முடியறதுக்குள்ள ஆறு போச்சு. சாட்சி இருக்கக்கூடாதுன்னு கிராம்பையும் முழுங்கிட்டேன்.

அவ திரும்பி வந்தா. "அங்கியில என்னங்க வெள்ளையா?"

"பொடுகு."

"வழுக்கைத் தலையில ஏது பொடுகு?"

"அது... பழைய பொடுகு."

கோயில்ல வாயைத் திறந்தேன். கிராம்பு வாசம் குப்புனு வந்துச்சு. முன்வரிசையில ஒரு அம்மா, "நோன்பு இருக்கற குரல்னா இதுதான்!"னு கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு அங்கிக்குள்ளயே ஒளிஞ்சுக்கலாமான்னு ஆயிடுச்சு.

பூசை முடிஞ்சதும் ஃபாதர் அகத்தோன்கிட்ட ஓடினேன். எங்க சபையில ஃபாதரும் கல்யாணம் பண்ணிக்கலாம்; அவருக்கும் வீட்டுல பொண்டாட்டி உண்டு, என் நிலைமை புரியும்.

"நாலு தின்னுட்டேன், ஃபாதர்."

"நாலா?"

"ஆறு."

அவர் ரொம்ப நேரம் சுவத்தையே பார்த்தாரு. தோள் குலுங்கிச்சு. அழறார்னு நினைச்சேன்.

"ஆறு தின்னதுக்கு, ஜனவரி ஆறு வரைக்கும் குராபியெஸை நீ தொடக்கூடாது."

பண்டிகை வந்துச்சு. வீடு பூரா சொந்தக்காரங்க. எல்லார் மீசையிலயும் சர்க்கரை. நான் மட்டும் சுத்தமா உக்காந்திருந்தேன்.

"நீங்க எடுத்துக்கலையா?"ன்னா எவான்தியா. நான் எல்லாத்தையும் ஒப்பிச்சேன்.

"அட, நீங்க தின்னது எண்ணெய்ல சுட்டதுங்க. நோன்புக்கு ஆகும். உங்களை எனக்குத் தெரியாதா? வெண்ணெய்ல சுட்டது இன்னைக்குத்தான் வெளிய வந்திருக்கு."

துள்ளி எழுந்தேன். "அப்போ நான் பாவமே பண்ணல! ஃபாதர்கிட்ட சொல்லித் தண்டனையை ரத்து பண்ணச் சொல்றேன்!"

"தாராளமா சொல்லுங்க. அந்த எண்ணெய் மாவைப் பிசைஞ்சது அவர் சம்சாரம். கிராம்பு குத்தினது அவரு."