ஓவனுக்கு முன்னால் இரண்டு நாற்காலி

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நம்மவர் ஒரு சபதம் செய்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டில் நடந்த எந்த விவாதத்திலும் அவர் ஜெயித்ததில்லை. ஜன்னல் திரையின் நிறத்தில் ஆரம்பித்து மகள் என்ன படிக்க வேண்டும் என்பது வரைக்கும் எல்லாப் போட்டியிலும் அவருக்கு இரண்டாவது இடம்தான். போட்டியில் இருந்தது இரண்டே பேர் என்பதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. வீட்டுக்கு வரப்போவது ஓவன். ஏர் ஃப்ரையர் இல்லை. இல்லவே இல்லை. இதைச் சொன்ன கையோடு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அம்மணி வேலைக்குப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நம்மவர் லிப்ட் மெக்கானிக். ஜனங்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. பொத்தானை அமுக்கிவிட்டு நாற்பது நொடி நிற்கவேண்டி வந்தால் நல்ல மனுஷன்கூட என்னென்ன பேசுவான் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அம்மணி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று நோட்டில் எழுதுவது வேலை. இரண்டு நிமிஷம் லேட்டாக வந்த டிரைவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பது உபரி வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வது.

அம்மணி விடிவதற்கு முன்பே கிளம்பி மத்தியானம் திரும்புவார். நம்மவர் அதற்குள் கிளம்பியிருப்பார். அவர் வேலை முடிந்து வரும்போது அம்மணி தூங்கியிருப்பார். நடுவில் குடும்பம் நடத்தியது ஃப்ரிட்ஜ் கதவுதான். 'பால் தீர்ந்துபோச்சு' என்று ஒரு சீட்டு. 'வாங்கிட்டேன்' என்று ஒரு பதில். 'குழாய் சொட்டுது.' 'பாத்துட்டேன்.' மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு அதுவும் சுருங்கிவிட்டது. ஒரு நாள் 'மக போன் பண்ணா, நல்லாருக்கா' என்று ஒட்டியிருந்தது. படித்து முடித்த பிறகும் நம்மவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதை அம்மணி வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது. மகள் எதற்குச் சிரித்தாள், எதைச் சொல்லித் திட்டினாள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. சீட்டின் அடியில் 'சரி' என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. பேருக்குத்தான். அம்மணி ஒரு வாரத்துச் சமையலை அன்றைக்கே முடித்து டப்பா டப்பாவாக அடுக்குவார். சமையலறைக்குள் நம்மவர் தலையை நீட்டினால், "வழியில நிக்காதீங்க" என்று உத்தரவு வரும். நீட்டிய தலையை அப்படியே இழுத்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பேக்கரியில் சரக்கு லிப்ட் பாதி வழியில் நின்றது. ரிப்பேர் பண்ணப் போன நம்மவர், பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் ஓவனுக்கு முன்னால் இரண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே ரொட்டி. வெளியே பேச்சு. சட்டைப் பட்டனைப் பற்றிப் பேசினார்கள். பல் டாக்டரைப் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒரு சித்தப்பாவுக்குக் காது கேட்காததைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். ரொட்டி வேகிற வரைக்கும் அவர்களுக்கு வேறு வேலையே இல்லை. நம்மவர் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்த லிப்டை ஐம்பது நிமிஷம் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்புதான். ஒரு ஓவன். அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி.

ஆனால் அந்த வாரமே அம்மணி ஏர் ஃப்ரையர் பேச்சை எடுத்தார்.

"கீழ்வீட்டு டீச்சர் வாங்கியிருக்காங்க. பன்னண்டு நிமிஷங்க. போட்டோம், எடுத்தோம், முடிஞ்சுது."

"ஓவன்தான் நல்லதும்மா."

"அதுல எத்தனை நிமிஷம்?"

"ஐம்பது ஆகும்."

"ஐம்பது நிமிஷத்துல எங்க ஒன்பதாம் நம்பர் வண்டி அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்துடும்."

"சேர்ந்து என்ன பண்ணுது? திரும்பி வரத்தானே செய்யுது."

"அவ்ளோ பெருசை எங்க வைப்பீங்க?"

"அளந்துட்டேன். மிக்ஸியை நாலு விரக்கடை நகர்த்தினா போதும்."

"அடுப்படி சூடாயிடும்."

"ஜன்னலைத் திறந்துக்கலாம். ஏர் ஃப்ரையர்ல கொஞ்சம் கொஞ்சமா நாலு தடவை போடணும். ஓவன்ல கோழி, உருளைக்கிழங்கு, காய் எல்லாம் ஒரே தட்டு. கேக்குகூடப் பண்ணலாம்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"உங்களுக்குச் சக்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்னாரே."

"நீ சாப்பிடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அம்மணி கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையைப் பார்த்தார். "இதுல வேற ஏதோ விஷயம் இருக்கு. என்னன்னு சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். பதினாலாவது மாடியில் லிப்ட் குழிக்கு மேலே ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை நடுங்காமல் வேலை பார்த்த மனுஷன்தான் நம்மவர். 'உன்கூடக் கொஞ்ச நேரம் உட்காரணும்' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இந்த வயசில் சொன்னால் சிரிப்பாளோ என்று ஒரு கூச்சம். சிரிக்காமல் 'எதுக்கு?' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

"ரொட்டி மொறுமொறுன்னு வரும்," என்றார்.

கடைசியில் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. தெருமுனை மின்சாதனக் கடைக்காரர் ஒரு தடவை தன் கடை லிப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அழுதவர். அவரை வெளியே எடுத்தது நம்மவர். வெளியே யாருக்கும் சொல்லாமல் இருந்ததும் நம்மவர். அந்த நன்றிக்கு, கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஓவனையும் ஏர் ஃப்ரையரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்தார்.

லிப்டை ஒப்படைக்கும் முன் அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பது நம்மவர் தொழிலில் விதி. அந்த விதியை அவர் ஏர் ஃப்ரையருக்கு மட்டும் அமல்படுத்தினார். அரைக் கூடைதான் போடலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அம்மணி நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த சமயம் பார்த்து உருளைக்கிழங்கை விளிம்பு வரை கொட்டி, உள்ளங்கையால் அமுக்கி, இன்னும் நாலு துண்டைச் செருகிக் கூடையை மூடினார். ஓவன் தட்டிலோ துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல், கல்யாண வீட்டுக்கு வந்த பணக்கார உறவுக்காரர்கள் மாதிரி வசதியாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவியிருந்தது.

அம்மணி நேரம் குறித்தார். பன்னிரண்டு நிமிஷத்தில் ஏர் ஃப்ரையர் திறந்தது. மேலே கரி, நடுவே வேகாத கிழங்கு, அடியில் வெந்நீர்.

"பாத்தியா," என்றார் நம்மவர் வருத்தத்தோடு. அந்த வருத்தத்தை அவர் முந்தின நாளே பழகி வைத்திருந்தார்.

ஐம்பது நிமிஷத்தில் ஓவன் திறந்தது. பொன்னிறம். அம்மணி ஒரு துண்டை எடுத்து மென்றார். நோட்டைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். நம்மவரைப் பார்த்தார்.

"சரி. ஓவனே வாங்கிடலாம்."

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. லேட்டாக வந்த டிரைவரை ஒன்றும் கேட்காமல் அனுப்புகிற டைம்கீப்பர் எதையோ சேர்த்து வைக்கிறார் என்று டிப்போவில் சின்ன கண்டக்டருக்குக்கூடத் தெரியும். நம்மவர் டிப்போவில் வேலை பார்த்தவர் இல்லையே. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வெற்றி என்று கால் தரையில் பாவாமல் கடைக்குப் போனார். கடைக்காரரிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார். "வேகிற நேரம் முழுக்க உள்ள விளக்கு எரியுமில்ல? ரெண்டு பேர் உக்காந்து பாத்தா கண்ணாடி வழியாத் தெரியுமில்ல?" அம்மணி பக்கத்தில் நின்று மிக்ஸி விலையை விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஞாயிறு வந்தது. நம்மவர் முகச்சவரம் செய்துகொண்டார். ஓவனுக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் மெத்தைத் திண்டு வைத்தார். என்ன பேசலாம் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்பதாவது மாடியில் கிளி ஒன்று லிப்டுக்குள் பறந்து வந்து பொத்தானை அமுக்கிய கதை ஒன்று கையில் இருந்தது. அம்மணி தட்டை உள்ளே வைத்தார், நேரத்தைத் திருகினார், அறைக்குள் போனார். தலை வாரி, உடை மாற்றி, செருப்போடு வந்தார்.

"எங்கம்மா?"

"டீச்சர்கூட ஏரிக்கரைக்கு. ஐம்பது நிமிஷம் இருக்குல்ல. நீங்கதான் ஓவனைப் பாத்துக்கறீங்களே. பாதியில தட்டைத் திருப்பி வைங்க."

வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். நம்மவர் திண்டு வைத்த நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கோழி நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறும் அதே கதை. அம்மணி கையில் குடையை வைத்துக்கொண்டே வாசலில் நின்று குடையைத் தேடினார். நம்மவர் எழுந்து, "அது உன் கையிலயே இருக்கும்மா" என்று எடுத்துச் சொன்னார். "ஓ" என்று சொல்லிவிட்டு அம்மணி படியிறங்கினார். அன்றைக்கு நம்மவர் கிளிக் கதையைக் கோழியிடம் சொன்னார். பாதியில் தட்டைத் திருப்பி வைத்தபோது மீதிக் கதையையும் சொன்னார். அவர் எத்தனையோ பேரை லிப்டிலிருந்து மீட்டிருக்கிறார். உள்ளே மாட்டியவர்களுக்கு நேரம் எப்படிப் போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாரம் முழுக்கக் கண்ணில் படாதவளுக்காக ஏங்கியது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறவளையும் வெளியே அனுப்புகிற சாமானைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டார். ஏர் ஃப்ரையராக இருந்திருந்தால் நடு நடுவே கூடையைக் குலுக்குவதற்காவது அவள் பக்கத்தில் நின்றிருப்பாள்.

மூன்றாவது ஞாயிறு. தட்டு உள்ளே போனது. அம்மணி கதவுப் பக்கம் போனார். கீழே டீச்சரின் குடை விரிகிற சத்தம் கேட்டது. அம்மணி வாசலில் நின்றார். இந்தத் தடவை செருப்பு வாரும் இல்லை, குடையும் இல்லை, சும்மா நின்றார்.

"போகாதயேன்," என்றார் நம்மவர்.

"ஏன்?"

"ஓவன் வேணும்னு கேட்டது ரொட்டிக்காக இல்ல."

"பின்ன?"

"வேகிற வரைக்கும் உன்கூட உக்காந்து பேசிட்டு இருக்கலாமேன்னுதான்." ஓவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேசக்கூட வேண்டாம். நீ பக்கத்துல இருந்தாப் போதும். சீட்டுல எழுதி எழுதி உன் கையெழுத்துதான் ஞாபகம் இருக்கு, குரல் மறந்துடும் போல இருக்கு. ஏர் ஃப்ரையர் கூடையை அமுக்கினதும் நான்தான்."

"அது தெரியும். பத்துப் பேர் உக்கார்ற வண்டியில நாப்பது பேரை ஏத்தினா எந்த வண்டி ஓடும்?" அம்மணி செருப்பைக் கழற்றினார். "நான் ஏன் பன்னண்டு நிமிஷ சாமானைக் கேட்டேன்னு நெனச்சீங்க? வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டு உங்ககூட ஏரிக்கரைக்குப் போகத்தான். புதுசுல போவோமே."

"நீ சொல்லவே இல்லையே."

"மூணு வாரமா வாசல்ல நிக்கறேன். நானும் வரேன்னு கிளம்புவீங்க, இல்ல போகாதன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். எங்க டிப்போவுல எந்த வண்டிக்காகவும் நான் இவ்ளோ நேரம் நின்னதில்ல."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. திண்டைத் தட்டிப் போட்டார். அம்மணி உட்காரப் போனவர், ஏதோ நினைவு வந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இன்னிக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. இவர் சொல்லிட்டார்."

கீழேயிருந்து டீச்சரின் குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது. "அதுக்குள்ளயா? நான் இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னு நெனச்சேன்."