பிளாக்காங் அண்ணே கண்ட இடக்கை வீரன்

பினாங்குத் தீவுக்குச் சினிமா வந்த நாள் முதலாக, பார்த்த படங்களில் ஒன்றைக்கூடச் சரியாகப் பார்க்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊரில் வேறு யாரையும் வாய் திறக்க விடாத மனிதரும் அவரேதான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் மறந்துவிட்டோம். எங்களுக்கு அவர் பிளாக்காங் அண்ணே.

பிளாக்காங் என்றால் மலாய் பாஷையில் பின்பக்கம். பெயர் வந்த கதையைச் சொல்வதென்றால் பேசாப் படக் காலத்துக் கொட்டகையைச் சொல்லியாக வேண்டும். இப்போது திரையைச் சுவரோடு சுவராக வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் தகரக் கொட்டகையில் அது நட்டநடுவில் தொங்கும். வெறும் வெள்ளைத் துணி. ஆட்டம் தொடங்குமுன் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி அதைத் தண்ணீரால் நனைத்துவிட்டுப் போவான். நனைந்தால்தான் படம் துணியைத் தாண்டி மறுபக்கமும் தெளிவாகத் தெரியும். முன்பக்கத்தில் நாற்காலி, பெஞ்சு. பின்பக்கத்தில் வெறும் தரை. வேண்டுமானால் வீட்டிலிருந்து சாக்கு கொண்டுவந்து விரித்துக்கொள்ளலாம். டிக்கெட் பாதி விலை. ஒரே படத்தை இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். என்ன, பின்பக்கத்துக்காரர்களுக்கு வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அண்ணன் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

துறைமுகத்துப் பக்கம் ஓர் அரிசிக் கிடங்கில் அவர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் அதே கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து சினிமாப் பைத்தியங்கள் பாய் கோப்பிக்கடையில் கூடுவோம். முதல் நாள் பார்த்த படத்தைத் தோலுரித்துத் தொங்கவிடுவதுதான் வேலை. இன்றைக்குப் பத்திரிகைகளில் படத்துக்கு மார்க்குப் போடும் தம்பிமார்கள் அந்தக் கடையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு தொழில் தேடியிருப்பார்கள்.

"நேத்து படம் எப்படிண்ணே?" என்று ஒருவன் தூண்டிலைப் போடுவான். அண்ணன் எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வைப் போட்டுத் தொடங்குவார்.

"கத பரவால்ல லா. ஆனா மகாராணி முந்தானைய வலது தோள்ல போட்டிருந்தா, பாத்தியா? எந்த ஊரு பழக்கமோ தெரியல. ராஜா இடக்கையால தானம் குடுத்தாரு. முனிவரு இடக்கையாலதான் ஆசீர்வாதம் பண்ணாரு. முனிவரே அந்தக் கையத் தூக்குறாரு, நம்ம ஆளுங்கதான் சும்மா கத்துறாங்க."

"அண்ணே, நீங்க பின்னால உக்காந்து பாக்கிறீங்க. எல்லாம் திரும்பித் தெரியுது. எழுத்து வருதே, அது திரும்பித்தானே இருக்கு?"

அண்ணன் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். "எழுத்துன்னா ஆளுக்கு ஒரு மாதிரிதான் லா. சீனவங்க மேலேருந்து கீழ எழுதுறாங்க. பாய் கடைக் கணக்கு வலது பக்கத்திலேருந்து போவுது. படக்காரன் அவன் இஷ்டத்துக்கு எழுதுறான். உனக்கென்ன?"

பல பாஷைக்காரர்கள் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. நாங்கள் கோப்பியைக் குடித்தோம்.

ஒருமுறை எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு நாற்காலி டிக்கெட் வாங்கிக் கொடுத்தோம். அதைக் கொட்டகை வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கதவு இருக்கும் சந்துப்பக்கம் போய்விட்டார். மறுநாள் கேட்டதற்கு, பாயின் கையிலிருந்த கோப்பி வடிகட்டும் துணியைக் காட்டினார்.

"அதுல மேல நிக்கிறது என்ன? மண்டி. கீழ இறங்கறது என்ன? கோப்பி. உங்களுக்கு மண்டி. எனக்கு வடிகட்டின படம்."

பாய்க்கு அன்றைக்கெல்லாம் சிரிப்பு நிற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் 'வடிகட்டின படம்' என்று சொல்லியே கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், அண்ணன் இடக்கைக்காரர். சாப்பாட்டிலிருந்து சாக்கு தைப்பது வரை எல்லாம் அந்தக் கைதான். சின்ன வயதில் அந்தக் கையைத் துணியால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வளர்ந்த பிறகு கல்யாணப் பந்திகளில் பரிமாறப் போனால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடையில் காசை நீட்டினால், "இந்தக் கையாலயா குடுக்கிறே?" என்று முகத்தைச் சுளித்தார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் வெற்றிலையை எடுத்த கையைப் பார்த்துவிட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த வாள் படம் வந்து சேர்ந்தது. படத்தின் பெயரை யார் கவனித்தார்கள்? கயிற்றில் தொங்குகிற படம், ரயில் கவிழ்கிற படம், வாள் படம் என்றுதான் எங்களுக்கு அடையாளம். அதில் முறுக்கு மீசை வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் மாடியிலிருந்து குதித்து, ஒரு பட்டாளத்தையே தனியாகச் சமாளிப்பான். பின்பக்கத்திலிருந்து பார்த்த அண்ணனுக்கு அவன் வாளைப் பிடித்தது இடக்கையில். மறுநாள் காலையில் அவர் கடைக்குள் நுழைந்த தோரணையே வேறாக இருந்தது.

"பாய், இந்தக் கையில குடுங்க கோப்பிய!" என்று இடக்கையை நீட்டினார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் எல்லாருக்கும் எதிரில் நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார்.

அந்தப் படத்தை அவர் எத்தனை தடவை பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் நான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். தீவின் உட்பக்கம், ஆயர் ஈத்தாமில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர்; கோட்டு போட்டவர்; எங்களைப் போலவே சினிமாப் பைத்தியம். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண், ராசம்மா. அண்ணனுக்குக் கேட்டேன். வந்து பாருங்கள் என்றார்.

டிராமில் போகும்போதே பாடம் நடத்தினேன். "வலக்கைண்ணே. எதைக் குடுத்தாலும் வலக்கை. அந்தக் கைய மட்டும் சட்டைப் பையை விட்டு வெளிய எடுக்காதீங்க." அண்ணன் தலையாட்டினார். புதுச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வந்திருந்தார்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ராசம்மா கோப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். அந்த நேரம் பார்த்து டிரஸ்ஸர் சும்மா இருக்கக் கூடாதா?

"தம்பி, வாள் படம் பாத்தீங்களா? சண்டைன்னா அது சண்டை!" என்றார்.

அண்ணன் முகத்தில் விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது. சட்டைப் பையிலிருந்த கை தானாக வெளியே வந்தது. காற்றில் இரண்டு வீச்சு வீசியது. மூன்றாவது வீச்சில் ராசம்மாவின் தட்டிலிருந்து கோப்பியை எடுத்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்தக் கையில எடுக்கிறீங்க, தம்பி?" டிரஸ்ஸரின் குரல் மாறிவிட்டது.

"அவன் வாளப் புடிச்ச கையிலதான் ஐயா."

"அவனா? அவன் புடிச்சது வலக்கையில. முதல் வகுப்பு நாற்காலியில உக்காந்து பாத்தவன் சொல்றேன்."

"இடக்கை லா, ஐயா."

"நான் டிரஸ்ஸர்! எந்தக் கை ஒடஞ்சிருக்குன்னு பாத்தவுடனே சொல்றவன்!"

"ஒடஞ்ச கைய நீங்க சொல்லுங்க. வாள் புடிச்ச கைய நான் சொல்றேன்."

நான் குறுக்கே விழுந்து, அண்ணன் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவர், அதனால் வந்த குழப்பம் என்று விளக்கினேன். டிரஸ்ஸர் வாய்விட்டுச் சிரித்தார். "பிளாக்காங்கா? அங்க மனுசன் உக்காருவானா? எங்க வீட்டு ஆளுங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. எல்லாருக்கும் முதல் வகுப்பு. ஆயர் ஈத்தாம் பாசார்ல எந்தக் கடைக்காரனை வேணும்னாலும் கேளுங்க, கிராணி."

மனிதர் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்ததும் இறங்கி வந்தார். "கை எந்தக் கையா இருந்தா என்னப்பா, உழைக்கிற கைதானே. ஆனா இல்லாததை இருக்குன்னு சாதிக்கிற ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது? சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு என்னோட முன்பக்கம் வந்து பாரு. பாத்துட்டு, வலக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தை மாசம் கல்யாணம்."

திரும்பும்போது டிராமில் அண்ணன் மடியில் கிடந்த இடக்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பொண்ணு நல்ல பொண்ணு தம்பி," என்றார் கடைசியில்.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேண்ணே. காசா பணமா?"

"ஊர்ல இத்தன பேரு இருக்கீங்க. ஒருத்தனாவது என்னை மாதிரி இருக்கானா? அவன் ஒருத்தன்தான் லா எனக்கு இருக்கான். அவனையும் நானே இல்லன்னு சொல்லணுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணன் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தார், பல் பிடுங்க வந்தவரைப் போல. ஒரு பக்கம் டிரஸ்ஸர், மறுபக்கம் நான். வீட்டுப் பெண்களும் வந்திருப்பதாகவும், தனி இடத்தில் உட்காரவைத்திருப்பதாகவும் டிரஸ்ஸர் சொன்னார். மீசைக்காரன் மாடியிலிருந்து குதித்தான். வாளை உருவினான்.

வலக்கைதான்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தேன். கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடக்கையை மெல்ல எடுத்து வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். சண்டை முடிந்து கொட்டகையே கைதட்டியது. அவர் தட்டவில்லை.

வாசலுக்கு வந்ததும் டிரஸ்ஸர் அவரை நிறுத்தினார். கோப்பிக்கடைக் கூட்டமும் சுற்றி நின்றது. "கண்ணால பாத்தாச்சு. இப்ப சொல்லு தம்பி, எந்தக் கை?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

அப்போதுதான் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து, பின்பக்கக் கதவு வழியாகப் பெண்கள் கூட்டம் வெளியே வந்தது. சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, மடித்த சாக்கும் கையுமாக வந்த இரண்டு பேரைப் பார்த்ததும் டிரஸ்ஸருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒன்று அவர் சம்சாரம். மற்றது ராசம்மா. எல்லாருக்கும் முதல் வகுப்பு என்று பாசார் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர், தனக்கு ஒரு நாற்காலியும் அவர்களுக்குப் பின்பக்கத் தரையும்தான் இத்தனை நாளும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராசம்மா நேராக அப்பாவிடம் வந்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"அப்பா, இடக்கைதான். நான் வீட்டில சொன்னப்பல்லாம் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் வாயை அடைச்சீங்க. அவரு அன்னிக்கு அதையே சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? இப்ப உங்களுக்குப் பயந்து அவரு மாத்திச் சொல்லிட்டா, எனக்கு அவரு வேணாம்."

அண்ணன் திறந்த வாயை மூடினார். வேட்டி மடிப்பிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"இடக்கைதான் ஐயா," என்றார்.

டிரஸ்ஸர் சம்சாரத்தின் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். "சரி சரி, ஏதோ ஒரு கை. டிராமுக்கு நேரமாச்சு," என்று நடையைக் கட்டினார். தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை இடக்கையால் சாப்பிட்டார். பக்கத்து இலை டிரஸ்ஸருடையது. மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

வருடங்கள் ஓடின. பேசும் படம் வந்தது; திரை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது; பின்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. புருசனும் பெண்சாதியும் ஜோடியாக முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் கோப்பிக்கடையில் அந்த வாள் வீரன் பேச்சு வந்தால், அண்ணன் மேசையைத் தட்டி இடக்கை என்று சாதிப்பார். ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அண்ணே, நீங்கதான் அன்னிக்குக் கண்ணால பாத்தீங்களே. நெசமாவே தெரியாதா?"

அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"தெரியும் தம்பி. அன்னிக்கு வாசல்ல நான் வாயைத் தொறந்தேன்ல? வலக்கைன்னு சொல்லத்தான் தொறந்தேன். எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு. அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. அத்தன பேரு முன்னால எனக்காக நின்னு சொன்னா லா. இனிமே நான் வலக்கைன்னு சொன்னா, அவ சொன்னது பொய்யின்னு ஆயிடாதா?"

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நானும் இடக்கை என்றே சொல்லி வருகிறேன். அண்ணனும் போய்விட்டார், ராசம்மா அண்ணியும் போய்விட்டார். இன்றைக்கு நீங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.