லடாக் அண்ணனின் கால் அளவு

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பனிக்கட்டியின் மேல் ஓடத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைத்திருப்பார். அவர் எங்கள் நூற்பாலை வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். நாங்கள் எல்லோரும் ஐஸை சர்பத்தில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் மட்டும் அதன் மேல் எப்படித் திரும்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சுருளிப்பட்டிக்காரர். பட்டாளத்தில் பல வருடங்கள் லடாக்கில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். சம்பளப் பட்டியலில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மேனேஜரிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் லடாக். என்னைப் போன்ற இளவட்டங்களுக்கு லடாக் அண்ணன்.

அவர் நேராக நின்று யாரும் பார்த்ததில்லை. எப்போதும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி நிற்பார். லாரி உள்ளே நுழைந்தால் எல்லாக் காவலர்களையும் போலக் கையைக் காட்டி நிறுத்த மாட்டார். தடியைத் தரையோடு படுக்கவைத்துக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கிப்போய் மறிப்பார். புதிதாக வரும் டிரைவர்கள் இவருக்கு இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, இறங்கி வந்து அக்கறையாக விசாரிப்பார்கள். மார்கழிக் காலையில் நாங்கள் மப்ளரும் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டு வந்தால், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டு, இன்றைக்கு ஒரே புழுக்கமாக இருக்கிறதே என்று வருத்தப்படுவார்.

2007 செப்டம்பரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜனவரியில், லடாக்கில் உறைந்த குளத்தின் மேல், பழைய வீரர்களுக்கும் புதிய வீரர்களுக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம். வரவேண்டும் என்று அவருடைய பழைய படைப்பிரிவு அழைத்திருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் பர்ச்சேஸ் கிளார்க். வெளிநாட்டிலிருந்து மெஷின்களுக்கு உதிரி பாகங்களை இன்டர்நெட்டில் வரவழைப்பது என் வேலை. மில்லில் அது எனக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்பதால், கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஐஸ் ஹாக்கி ஷூவின் அடியில் கத்தி மாதிரி ஒரு பிளேடு இருக்குமாம். படைப்பிரிவில் அந்த ஷூக்கள் ஒரு பெட்டியில் பொதுவாகக் கிடக்கும். முந்திக்கொண்டவனுக்குச் சரியான அளவு. இவர் எப்போதும் கடைசி. மூன்று கம்பளி சாக்ஸ் போட்டு, பெரிய ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டே வருடக்கணக்கில் ஆடியிருக்கிறார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி ஆட்டத்தில், எதிரே காலி கோல். பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லை இவர் மட்டையில். ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி. அங்கேதான் குப்புற விழுந்தார்.

"அன்னைக்கு என் காலு திரும்புச்சு தம்பி. ஷூ திரும்பல," என்றார். "ஒரே ஒரு தடவ, காலு சொல்றத ஷூ கேக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

எத்தனையோ பேரிங் வாங்கிய கைக்கு ஷூ எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். வெளிநாட்டுக் கடை ஒன்றின் படிவம் திரையில் விரிந்தது. வாரத்தில் எத்தனை நாள் பனித்தளத்தில் ஆடுகிறீர்கள் என்று கேட்டது. 'தற்சமயம் ஏதுமில்லை' என்று ஆபீஸ் பாணியில் நிரப்பினேன். அடுத்து அளவு. வழக்கமாகப் போடும் ஷூவை விட ஒன்றரை நம்பர் குறைத்து வாங்கவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அண்ணனுக்கு ஒன்பது. ஆக ஏழரை.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "ஏழரைய யாராச்சும் கடல் தாண்டி வரவழைப்பாகளா?" என்றார்கள்.

எனக்கும் மனசு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் சனி பகவான் அல்ல, என் வளர்ப்பு. எங்கள் வீட்டில் பள்ளிச் சீருடையை அடுத்த மூன்று வருடத்தையும் கணக்குப் பண்ணித்தான் தைப்பார்கள். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு நடந்தவன் நான். என் காலுக்குச் சரியாக இருந்த செருப்பை முதன்முதலில் போட்டது என் கல்யாணத்தில்தான். குறைத்து வாங்கு என்று ஒருவன் சொன்னால் என் கை கேட்குமா? ஒன்பதுக்கும் மேலே போய், எதுக்கும் இருக்கட்டும் என்று பத்தை அழுத்தினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

நவம்பரில் பார்சல் வந்தது. ஏலத்தோட்டத்தில் களை வெட்டுகிற புது மெஷினா என்று போஸ்ட்மேன் கேட்டார். அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஆறு ஐஸ் பார்களை வண்டியில் ஏற்றிவந்து, பஞ்சு குடோனுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி அடுக்கினார். ஓட முடியாது, நிற்கலாம், ஒரு திருப்பம் திரும்பலாம். ஷூவைக் கட்டிக்கொண்டு ஏறி நின்றபோது, ஆள் ஒரு அரை அடி உயர்ந்து கம்பீரமாக இருந்தார். முழங்காலை மடக்கினார். திரும்பினார். முட்டி குடோன் பக்கம் போனது. ஷூ இரண்டும் ஆபீஸைப் பார்த்தபடியே நின்றன. மறு நொடி அண்ணன் ஐஸின் மேல் உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்காமலே ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த எண்ணைப் பார்த்தார். எனக்கு வேறு வழியில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று நான்தான் கூட்டிப் போட்டேன் என ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு," என்றார். "நான் என்ன வளர்ற பிள்ளையா தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் கால்சட்டையில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டு, "விடுங்க. பழையபடி மூணு சாக்ஸு போட்டுக்கிறேன்," என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்கு உண்மையை எழுதினேன். அங்கிருந்த ஒரு பெண்மணி பொறுமைசாலி. ஐஸ் பாரில்தானே நின்றார், பிளேடு தேயவில்லை, உடனே திருப்பி அனுப்பினால் மாற்றித் தருகிறேன்; ஆனால் இந்த முறை காலை அளந்து அனுப்புங்கள், சாயங்காலம் அளந்தால்தான் கால் சற்று உப்பி உண்மையான அளவு தெரியும், மெல்லிய சாக்ஸ் போட்டுக் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டிருந்தார்.

அளக்கிற வேலையை எங்கள் நூல் பரிசோதனை லேப் செல்வி மேடம் எடுத்துக்கொண்டார். நூலை ஒரே தடவை அளந்து முடிவு சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது; காலுக்கும் அப்படியே. ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தார். வலது கால் இடது காலை விட இரண்டு மில்லிமீட்டர் நீளம் என்றதும் அண்ணன் பயந்துபோய், எப்போதிலிருந்து என்று கேட்டார். நீளம், அகலம், மேற்புற உயரம் எல்லாவற்றையும் போட்டால் கடைசியில் வந்து நின்றது அதே ஏழரை.

நான் அழுத்தத் தயங்குவதைப் பார்த்து அவர் மனைவியே சொன்னார்கள். "ஏழரை வந்தா வரட்டும் தம்பி. தூக்கத்துலகூட கால ஆட்டிச் சறுக்கிக்கிட்டுக் கெடக்காக. சரியானத வாங்கிக் குடுங்க."

லடாக் போக மதுரையில் ரயில் ஏற நான்கு நாள் இருக்கும்போது ஷூ வந்தது. அண்ணனின் கால் உள்ளே போகவே மறுத்தது. திணித்து நுழைத்ததும், விரல் முன்னால் முட்டுகிறது என்றார். அந்தக் கடைப் பெண்மணி அனுப்பிய குறிப்பை ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். நேராக நிற்கும்போது விரல் நுனி லேசாக முட்ட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அதோடு, ஷூவை ஓவன் அடுப்பில் மிதமாகச் சூடாக்கி, சூட்டோடு காலில் போட்டு உட்கார்ந்தால் அது பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடும்.

தேனியில் ஓவனுக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்குப் போனோம்.

"பன் வேகுற அடுப்புல செருப்பா?" என்றார் பேக்கரி மாஸ்டர். "நாளைக்கு இங்கன வந்து யாருய்யா பன்னு திம்பா?"

"புதுசு மாஸ்டர். இன்னும் மண்ண மிதிக்கல," என்றார் அண்ணன். "இனிமேலும் மிதிக்காது. ஐஸ மட்டுந்தான் மிதிக்கும்."

அந்தப் பதிலில் மாஸ்டர் கரைந்துவிட்டார். ரொட்டியெல்லாம் இறங்கி அடுப்பு ஆறத் தொடங்கியதும், புதுத் தாள் விரித்த தட்டில் ஷூவை வைத்தார். செல்வி மேடம் லேப் தெர்மாமீட்டரோடு பக்கத்திலேயே நின்றார். சில நிமிடங்களில் வெளியே எடுத்து, குதிகாலைத் தட்டி உள்ளே இறக்கி, கயிற்றை இறுக்கினோம். கால் மணி நேரம் அசையக் கூடாது. அண்ணன் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பப்ஸ் வாங்க வந்தவர்கள் பிளேடைப் பார்த்து அடுத்த மேஜைக்குப் போனார்கள்.

நேரம் ஆனதும் எழுந்தார். ரப்பர் குழாயைக் கீறி பிளேடுக்கு உறை போட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கினார். நிமிர்ந்தார். மறுபடி மடக்கினார்.

"வெரலு விலகுது," என்றார். "குதிகாலு அசையல தம்பி. இது என் காலுதான்."

என் கையைப் பிடித்தார்; விடவே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பன் தட்டுகளைப் பார்த்தேன். மாஸ்டர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

ஜனவரியில் ஒரு பிற்பகல் ஆபீஸ் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே அண்ணன். பழையவர்கள் நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றார்களாம். இவர் இரண்டு தடவை விழுந்தாராம். இரண்டுக்கும் காரணம் மூட்டு, ஷூ இல்லை. நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். திரும்பியதா?

"திரும்பிருச்சு தம்பி. கோலுக்கு முன்னால, நெனச்ச எடத்துல," என்றவர் போனை யாரிடமோ கொடுத்துவிட்டார். அந்த ஆள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நானும் சிரித்தேன்.

அண்ணன் ஊரில் இல்லாத மூன்று வாரமும் வாசலில் வேறொருவர் நின்றார். நேராக நின்றார், கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் மில்லுக்கு வரவே பிடிக்கவில்லை. அண்ணன் திரும்பி வருகிற நாளில், மதுரை பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தேனி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். யாரும் சொல்லி நான் போகவில்லை.