மாமாவின் கையில் தடவிய மசாலா

பேசிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. வாய் ஆரம்பித்தால் கையும் அதன் பின்னாலேயே போய்விடும்.

நான் இலங்கையில், மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டமொன்றைச் சுற்றிக்காட்டும் கைட். மிளகு சளிக்கு, கறுவாப்பட்டை சீனி வியாதிக்கு என்று ஆங்கிலத்திலும் அரைகுறை ஜெர்மனிலும் அடித்துவிடுவேன். கடைசியில் வெள்ளைக்காரர்களின் கையைப் பிடித்து முழங்கை வரை தைலம் தேய்த்தால்தான் போத்தல் விற்கும். சமையலா? சுடுதண்ணீர் வைப்பேன். (அதுவும் சில நாள் அடிப்பிடிக்கும்.)

நான் காதலித்த ஜெசிந்தாவைப் பெண் கேட்டேன். அவளுடைய அப்பா சேவியர் மாமா, சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர்.

"வாயாலயே வடை சுடுறவனுக்கெல்லாம் பொண்ணு கெடையாது" என்றார். ஜெசிந்தா இரண்டு வேளை சாப்பிடாமல் அடம்பிடித்ததும் கொஞ்சம் இறங்கினார். "சரி, கோழியில தடவுற தூளு ஒண்ணு அவன் கையால செஞ்சு ஞாயித்துக்கெழம கொண்டாரட்டும். சுட்டுத் தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"கடையில பெக்கட்டு இருக்கேடா" என்றார் அம்மா.

"செத்தாலும் வாங்க மாட்டேன்!"

முதல்முறை கொச்சிக்காயை (மிளகாய்தான்) கருக்கினேன். பக்கத்து வீட்டார் இருமிக்கொண்டே ரோட்டுக்கு ஓடிவந்து எங்கள் வம்சத்தையே வாழ்த்தினார்கள். அடுத்தமுறை வறுத்த சூட்டோடு அரைத்ததில் தூள் வியர்த்துக் கட்டியானது. விடுவேனா? மல்லி, சீரகம், மிளகு, கொச்சிக்காய் எல்லாவற்றையும் தனித்தனியே இளந்தீயில் வறுத்து, ஆறவிட்டு, உரலில் இடித்து, சலித்து, உப்பும் கறுவாத்தூளும் சேர்த்துப் போத்தலில் அடைத்தேன். மூடியைத் திறந்தால் வாசம் தெருவுக்கே போனது. எனக்கு அப்படியொரு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அலுவிகாரையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் கரி கனன்றுகொண்டிருந்தது. தட்டில் கோழி தயார். மாமா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். ருசி பார்க்க உள்ளங்கையை நீட்டினார்.

"எங்க, கொஞ்சம் போடுங்க பாப்போம்."

நீட்டிய கை. என் கையில் போத்தல். அவ்வளவுதான், புத்தி வேலைக்குப் போய்விட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பாதித் தூளைக் கொட்டி, முழங்கை வரை அழுத்தித் தேய்த்தேன்.

"இது ரத்த ஓட்டத்துக்கு ரொம்ப நல்லதுங்க, மேடம்!"

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. அதே கையால் முகத்தைத் துடைத்தார். ஐயோ கடவுளே! கண்ணைத் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்ட, இருமியபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அத்தை, அவருடைய மனைவி, வெளியே வந்தார்.

"அடியே ஜெசிந்தா, ஓடியா! அம்மா செத்ததுக்கே அழுவாத மனுசன், மாப்பிள்ள தோளப் புடிச்சு அழுவுறாருடி!" அத்தைக்கும் கண் கலங்கியது. "அழுவாதீங்க. பொண்ண கடல் தாண்டியா குடுக்கிறோம்? இந்தா இருக்கு மாத்தள!"

மாமா வேண்டாம் என்று கையைத் தூக்கி ஆட்டினார்.

"ஆசீர்வாதம் பண்றாரு தம்பி, குனிங்க!"

குனிந்தேன். (வேறென்ன செய்ய?) மாமா முகம் கழுவி, பேச்சு வந்து திரும்புவதற்குள் அத்தை ஊரிலுள்ள சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு முடித்திருந்தார். மீதித் தூளைத் தடவிக் கோழியைச் சுட்டேன். மாமா தின்றார். இன்னொரு கோழிக்காலையும் எடுத்தார்.

"தூளு நல்லாத்தான் இருக்கு. இவந்தான் சரியில்ல" என்றார்.

கல்யாணத்தன்று கோயிலில் எல்லாரும் கண்ணைத் துடைக்க, மாமா மட்டும் நிமிர்ந்து நின்றார். "பொண்ணக் குடுக்கிறீங்க, கண்ணு கலங்கலையா?" என்று ஃபாதர் கேட்டாராம்.

"இவனுக்காக அழ வேண்டியதையெல்லாம் அன்னைக்கே அழுதுட்டேன் ஃபாதர்."

இன்றைக்கும் அந்த வீட்டில் கோழி சுட்டால் தூள் என்னுடையதுதான். நான் போத்தலோடு வருவதைக் கண்டால் என் மகள் கத்துவாள், "தாத்தா, அப்பா வர்றாரு!" மாமா உடனே மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.